வீடு வெல்லம்பிட்டியில், வாக்கு மாளிகாவத்தையில்



கொஞ்சம் நீளமான பதிவு. வெல்லம்பிட்டிய, கொலன்னாவை, மீதொட்டமுல்ல, ஒருகொடவத்த, அங்கொடை என்று கொழும்பின் கிழக்கு ஓரத்தில் வீடு வைத்திருப்பவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், அங்கே ஒரு ஆறு பேர்ச் காணி தேடிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். தெஹிவளை, மாபோலை பக்கம் இருப்பவர்களுக்கும் இதில் பாதியாவது பொருந்தும்.

இரண்டு நாள் தொடர்ந்து மழை பெய்தால் எமது ஒழுங்கைகளின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான் சுற்றும். "சபைக்காரங்க எங்க?" வடிகான் அடைத்துக் கிடக்கிறது, குப்பை வண்டி பத்து நாளாக வரவில்லை, வீதி விளக்கு எரியவில்லை, மைதானம் என்று சொல்ல ஒரு துண்டு நிலம் இல்லை. எல்லாவற்றுக்கும் அதே கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தச் சபையின் வாக்காளர் இடாப்பில் எம்மில் எத்தனை பேருடைய பெயர் இருக்கிறது?

இந்தக் கேள்வி சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் பேசித்தான் ஆகவேண்டும்.

முதலில் நாம் இருக்கும் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுவோம். கொழும்பு குடிக்கும் தண்ணீரின் பெரும்பங்கு களனி கங்கையிலிருந்து எடுக்கப்பட்டு எமது பக்கத்தில் அம்பத்தலயில்தான் சுத்திகரிக்கப்படுகிறது. கொழும்பு எரிக்கும் எண்ணெய் கொலன்னாவைத் தாங்கிகளில் சேமிக்கப்படுகிறது. அந்த எண்ணெய்க்கென்று கொலன்னாவைக்கு ரயில் பாதையும் உண்டு. எமக்கு ரயில் வேண்டுமென்றால் தெமட்டகொடைக்குப் போகவேண்டும். தொற்றுநோய் வந்தவர்களை நகரத்துக்கு வெளியே வைக்கவேண்டும் என்றபோது ஐ.டி.எச். வைத்தியசாலை இந்தப் பக்கம் வந்தது. மனநல வைத்தியசாலையும் அப்படித்தான் வந்தது. இன்றும் பாடசாலையில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கேலி செய்ய அங்கொடை என்ற ஊரின் பெயரைத்தான் எடுக்கிறது. அந்த ஊரிலிருந்து வரும் பிள்ளையும் அதே வகுப்பில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

கடைசியாகக் குப்பை வந்தது. புளூமெண்டால் குப்பைமேடு மூடப்பட்ட பிறகு கொழும்பு மாநகரத்தின் குப்பை மீதொட்டமுல்லைக்குத் திரும்பியது. மக்கள் வருடக்கணக்காக முறையிட்டார்கள், வீதியில் இறங்கினார்கள். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று அந்த மலை சரிந்து வீடுகளின்மேல் விழுந்தது. 30க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதற்குப் பிறகு கொழும்பின் குப்பைக்குப் புத்தளம் அருவக்காலு காட்டப்பட்டது. அங்கேயும் மக்கள் எதிர்த்தார்கள். குப்பை எங்கே போகவேண்டும் என்று முடிவெடுக்கும் மேசையில், குப்பை வந்து சேரும் ஊரின் ஆட்கள் ஒருபோதும் இருப்பதில்லை. மீதொட்டமுல்லையும் அருவக்காலுவும் எமக்குச் சொல்லித் தந்த பாடம் இதுதான்.

இனி வெள்ளம். நாகலகம் வீதி நீர்மானியில் களனி கங்கை 5 அடியைத் தாண்டினால் சிறு வெள்ளம், 7 அடியைத் தாண்டினால் பெரு வெள்ளம் என்பது கணக்கு. கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதைப்போல இந்த அடிக்கணக்கைப் பார்க்க எமது பிள்ளைகள் பழகிவிட்டார்கள். 2016 மே மாதம், 2024 ஜூன் மாதம், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல். ஒவ்வொரு முறையும் பிரிட்ஜ், மெத்தை, அலுமாரி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் சேற்றில். டித்வாவின்போது உயர்தரப் பரீட்சை இடைநிறுத்தப்பட்டது. பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள் சிலர் மீதிப் பாடங்களுக்குப் படிக்கவேண்டிய குறிப்புகளைக் கொடியில் காயப்போட்டார்கள். மை கரைந்த தாள் காய்ந்தாலும் வாசிக்க முடியாது.

ஏன் இப்படி நடக்கிறது? இது தாழ்நிலம். கொழும்பின் மழைநீர் வந்து தங்கிப் போவதற்கென்று இயற்கை வைத்திருந்த இடம். கங்கை உயரும்போது வெள்ளக் கதவுகளை மூடியாக வேண்டும், இல்லையென்றால் கங்கை உள்ளே வந்துவிடும். மூடினால் உள்ளே பெய்த மழைக்கு வெளியே போக வழியில்லை. அந்தத் தண்ணீர் எங்காவது தங்கவேண்டும். முன்பு அது சதுப்பு நிலத்தில் தங்கியது. இப்போது சதுப்பு நிலத்தில் பாதி வீடுகளாகவும் களஞ்சியசாலைகளாகவும் மாறிவிட்டது. ஆகவே வீட்டுக்குள் தங்குகிறது. 2018இல் கொழும்பு உலகின் முதலாவது ராம்சார் ஈரநில நகரங்கள் 18இல் ஒன்றாக அங்கீகாரம் பெற்றது. அந்தப் பெருமைக்குக் காரணமான ஈரநிலங்களில் கொலன்னாவைச் சதுப்பும் சேரும். சான்றிதழ் கொழும்புக்கு, சேறு எமக்கு.

நாம் இங்கே எப்படி வந்தோம் என்பதும் தெரிந்த கதைதான். மாளிகாவத்தை, தெமட்டகொடை, கிராண்ட்பாஸ், கொம்பனித்தெரு ஆகிய இடங்களில் ஒரே வீட்டில் மூன்று குடும்பம். மகளுக்குக் கலியாணம் பேசும்போது ஒரு வீடு காட்டவேண்டும். கொழும்புக்குள் ஒரு பேர்ச் வாங்கும் காசுக்கு இங்கே பல பேர்ச் கிடைத்தது. வாப்பா வெளிநாட்டில் உழைத்த காசையும் உம்மாவின் நகையையும் சேர்த்துக் காணி வாங்கினார்கள். கிரவல் மண் கொட்டி நிரப்பினார்கள். அடுத்து வந்தவர் அதைவிட இரண்டு அடி உயர்த்திக் கட்டினார். வீதிக்குக் கொங்கிறீட் போட வந்தவர்கள் பழைய வீதியின் மேலேயே போட்டார்கள். இப்போது ஒழுங்கையில் முதலில் வீடு கட்டியவரின் வாசல் வீதியைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. மழைநீர் முதலில் போவது அவருடைய வீட்டுக்கு.

இதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாக ஒரு நியாயம் இருக்கிறது. தன் பிள்ளைகள் நனையக்கூடாது என்றுதான் ஒருவர் அத்திவாரத்தை உயர்த்துகிறார். ஆனால் வடிகான் என்பது தனியாக ஒருவர் கட்டக்கூடியது அல்ல. மேலே உள்ளவர் வெட்டினால் கீழே உள்ளவர் விடவேண்டும், அதற்குக் கீழே கால்வாய் திறந்திருக்கவேண்டும். அதைப் பார்க்கத்தான் சபை என்று ஒன்று இருக்கிறது. பிரதேச சபைச் சட்டம் 1987இல் வந்தது. வீதி, வடிகான், பொதுச் சுகாதாரம், சந்தை, நூலகம், மைதானம் எல்லாம் உள்ளூராட்சி சபைகளின் வேலை. பாராளுமன்றம் எமது ஒழுங்கையின் வடிகானைப் பற்றிப் பேசப்போவதில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம்.

எமது அயலில் நன்றாகத் தெரிந்த ஒரு நடைமுறை இருக்கிறது. குடும்பம் பத்து வருடமாக வெல்லம்பிட்டியில் இருக்கும். வாக்கு மட்டும் மாளிகாவத்தையில் பெரியம்மாவின் வீட்டு விலாசத்தில் இருக்கும். தேர்தல் நாளன்று முச்சக்கர வண்டி பிடித்துப் போய் வாக்களித்துவிட்டு, அங்கேயே புரியாணியும் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். ஏன் என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் சொல்லும் பதில் ஒன்றுதான். "புள்ளைட ஸ்கூலுக்கு டீச்சர்."

ஆசிரியர்களாகிய எமக்கு அந்தப் பதில் நன்றாகவே புரியும். முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது வதிவிட அருகாமைக்குத்தான் பெரிய இடம். தேர்தல் இடாப்பில் தொடர்ந்து ஐந்து வருடம் அந்த விலாசத்தில் பெயர் இருந்தால்தான் முழுப் புள்ளி. விண்ணப்பிக்கும் பாடசாலையைவிட வீட்டுக்கு அருகில் வேறு பாடசாலைகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி வெட்டப்படும். ஆகவே கொழும்புக்குள் இருக்கும் ஒரு நல்ல தமிழ்மொழிப் பாடசாலையில் பிள்ளையைச் சேர்க்க விரும்பும் பெற்றோர், பிள்ளை பிறக்கும் முன்பே விலாசத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார்கள்.

அவர்களைக் குறை சொல்வது இலேசு. ஆனால் இங்கே அவர்களுக்கு என்ன வைத்திருக்கிறோம்? எமது பக்கத்துத் தமிழ்மொழிப் பாடசாலைகள் பெரும்பாலும் சிறியவை. விஞ்ஞானம், கணிதம் உயர்தரத்தில் தமிழில் படிக்கவேண்டுமென்றால் பிள்ளை பெரும்பாலும் கொழும்புக்குள் போகவேண்டும். சாதாரண தரத்தில் கணிதத்தில் ஏ எடுத்த பெண்பிள்ளைகள் கலைப்பிரிவுக்குப் போவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பிள்ளைக்கு இயலாமல் அல்ல. இரண்டு பஸ் மாறிப் போய், பின்னேர வகுப்பும் முடித்து, இருட்டிய பிறகு விளக்கில்லாத ஒழுங்கையில் நடந்து வர வீட்டில் விடுவதில்லை. டொக்டராகவோ பொறியியலாளராகவோ வரக்கூடிய ஒரு பிள்ளையின் வழி, ஒரு பஸ்ஸிலும் ஒரு வீதி விளக்கிலும் முடிந்துபோகிறது. வசதி என்று நாம் பேசுவது இதைத்தான்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது இது இன்னும் வெளிச்சமாகத் தெரிந்தது. பாடசாலை வான்கள் நின்றன. நகரப்புறப் பாடசாலைகள் வாரக்கணக்கில் மூடப்பட்டன, திறந்த பிறகும் வாரத்தில் சில நாட்கள்தான். நடந்துபோகும் தூரத்தில் பாடசாலை உள்ள பிள்ளைகள் எப்படியோ வந்து சேர்ந்தார்கள். ஏழு எட்டுக் கிலோமீற்றர் தள்ளிச் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள்.

இது ஒரு சுற்று. பெற்றோர் பிள்ளைகளைக் கொழும்புக்குக் கொண்டுபோவதால் இங்குள்ள பாடசாலையில் பிள்ளைகள் குறைவு. பிள்ளைகள் குறைவென்பதால் ஆசிரியர் ஒதுக்கீடு குறைவு. ஆசிரியர் இல்லாததால் பெறுபேறு குறைவு. பெறுபேறு குறைவென்பதால் அடுத்த வருடம் இன்னும் பத்துப் பெற்றோர் கொழும்பு விலாசம் தேடுகிறார்கள். விலாசம் கொழும்புக்குப் போகும்போது வாக்கும் சேர்ந்தே போகிறது. வாக்கு போனால் வடிகானும் விளக்கும் போகிறது.

எப்படிப் போகிறது? 2018இலிருந்து உள்ளூராட்சித் தேர்தல் கலப்பு முறையில் நடக்கிறது. 60 வீதமான உறுப்பினர்கள் வட்டாரங்களிலிருந்து வருகிறார்கள். வட்டாரம் என்றால் சிறிய இடம். ஒரு வேட்பாளருக்கு எந்த ஒழுங்கையில் எத்தனை வாக்கு என்று விரல் நுனியில் தெரியும். ஐம்பது வீடு உள்ள ஒழுங்கையில் பதினைந்து வாக்குத்தான் என்றால், அடுத்த ஒழுங்கையில் நூற்றிருபது வாக்கு என்றால், கையில் உள்ள கொங்கிறீட்டை அவர் எங்கே போடுவார்? அவர் இனவாதியாக இருக்கவேண்டியதில்லை. கணக்குத் தெரிந்தவராக இருந்தால் போதும். "நாங்க முஸ்லிம்கள்ங்கிறதால செய்றாங்க இல்ல" என்று சொல்வதற்கு முன்னால் அந்த இடாப்பை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. பாகுபாடு காட்டுபவர்கள் இல்லை என்று நாம் சொல்லவில்லை, இருக்கிறார்கள். ஆனால் இடாப்பில் பெயர் இல்லாதவருக்கு அதை எதிர்த்துக் கேட்கவும் காலடி மண் கிடையாது.

இன்னொன்றையும் நினைவுபடுத்த வேண்டும். 2023 மார்ச் மாதம் நாடு முழுவதும் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. நடக்கவேண்டிய தேர்தல் பிற்போடப்பட்டு, 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இரண்டு வருடத்துக்கு மேலாக எமது வடிகானுக்கு ஒரு மக்கள் பிரதிநிதி இருக்கவில்லை. 2024 ஜூன் வெள்ளம் அந்த இடைவெளியில்தான் வந்தது. அந்த இரண்டு வருடமும் சபை இல்லை என்று எமது குழுக்களில் யாராவது கவலைப்பட்டதாக நினைவில்லை. ஏனென்றால் பலருக்கு இங்கே போட வாக்கே இருக்கவில்லை.

நிவாரணத்தின்போதும் இதே கதை. டித்வாவுக்குப் பிறகு வீடு துப்புரவாக்க 25,000 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. பெயர்ப்பட்டியல் கிராம உத்தியோகத்தர் வழியாகத்தான் போகும். அவருடைய இடாப்பில் உள்ளவர் ஒப்பமிட்டுவிட்டுப் போனார். இல்லாதவர் இடுப்பளவு தண்ணீரில் நின்ற போட்டோவையும் கரண்ட் பில்லையும் காட்டி "நான் இங்கதான் ஈக்கிறேன்" என்று நிரூபிக்கவேண்டி வந்தது. வாடகைக்கு இருப்பவர்களின் நிலை இன்னும் மோசம்.

ஆனால் எமது பக்கத்தில் ஒருவர் மட்டும் எம்மை விலாசம் கேட்காமல் எண்ணுகிறார். மிட்வைஃப் மிஸ். ஒரு வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார் என்று தெரிந்தால் அவருக்கு வாக்கு எங்கே என்ற கேள்வி இல்லை. எங்கே படுக்கிறீர்களோ அங்கே வந்து பதிந்துகொள்கிறார். கிளினிக் திகதி தருகிறார், நிறை பார்க்கிறார், பிள்ளை பிறந்த பிறகும் வீட்டுக்கு வருகிறார். அரசாங்கம் எம்மை இங்கே வசிப்பவர்களாக எண்ணினால் என்ன கிடைக்கும் என்பதற்கு அவரே அத்தாட்சி. எமது ஒழுங்கைகளில் ஒழுங்காக நடக்கும் ஒரே அரச சேவை அதுதான் என்று சொன்னாலும் பிழையில்லை.

இந்த விடயத்தைப் பேசும்போது வழமையாக வரும் சில பதில்கள் இருக்கின்றன.

"இரண்டும் கொழும்பு மாவட்டம்தானே, வாக்கு எங்க போட்டா என்ன?" பொதுத் தேர்தலில் பெரிய வித்தியாசமில்லை, உண்மை. மாவட்ட அடிப்படையில்தான் ஆசனம். ஆனால் உள்ளூராட்சித் தேர்தலில் மாநகர சபை வேறு, எமது சபை வேறு. மாநகர சபைக்கு வாக்களித்துவிட்டு வெல்லம்பிட்டிய வடிகானைக் கேட்கமுடியாது.

"கொழும்புல எங்கட பிரதிநிதித்துவம் கொறஞ்சிடும்." இதைச் சில அரசியல்வாதிகளே சொல்வார்கள். அவர்களுக்கு எமது வாக்கு மட்டும்தான் வேண்டும், எமது ஒழுங்கை வேண்டாம். பிரதிநிதித்துவம் என்பது நாம் வாழும் இடத்தில் எமக்காகப் பேச ஒருவர் இருப்பது. நாம் வாழாத இடத்தில் ஒருவரை வெல்லவைத்துவிட்டு நாம் வாழும் இடத்தில் வாயில்லாமல் இருப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. தவிர, 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க வாக்காளர் பதிவுச் சட்டம் சாதாரணமாக வசிக்கும் இடத்தில்தான் பதியச் சொல்கிறது. இங்கே வசித்துக்கொண்டு அங்கே வசிப்பதாக ஒப்பமிடுவது உண்மையா பொய்யா என்பதை ஒவ்வொருவரும் தம் மனச்சாட்சியிடம் கேட்டுக்கொள்ளலாம். அமானிதத்தைப் பற்றி ஜும்ஆவில் கேட்டுவிட்டு வருகிறவர்கள் நாம்.

"அப்ப புள்ளைய எங்க சேர்க்கச் சொல்றீங்க?" இதுதான் உண்மையான கேள்வி. அடுத்த வருடம் முதலாம் தரத்துக்குப் பிள்ளையை விண்ணப்பிக்கவிருக்கும் ஒரு தாயிடம் போய், ஊருக்காக உன் பிள்ளையின் இடத்தை விட்டுக்கொடு என்று கேட்க எமக்கு வாய் வராது. ஒரு தாய் தனியாக இந்தச் சுற்றை உடைக்கமுடியாது. ஆகவே அவரிலிருந்து தொடங்கவேண்டாம்.

வேறு யாரிலிருந்து தொடங்கலாம்? எமது ஒழுங்கைகளை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் எல்லோரும் பாடசாலை முடித்த வீடுகள் எத்தனை? மூத்தவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள் எத்தனை? பதினெட்டு வயதைத் தாண்டியும் எங்கும் பதியப்படாத இளைஞர்கள் எத்தனை பேர்? புதிதாகக் கலியாணம் முடித்தவர்கள் எத்தனை பேர்? இவர்களுக்குக் கொழும்பு விலாசத்தால் எந்தப் பிரயோசனமும் இல்லை. பழக்கத்தினால் அங்கேயே கிடக்கிறது. இவர்கள் மட்டும் இங்கே பதிந்தாலே ஒழுங்கையின் கணக்கு மாறிவிடும்.

செய்யக்கூடியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

1. ஒவ்வொரு பள்ளிவாசல் நிர்வாகமும் தன் ஜமாஅத்தில் எத்தனை குடும்பம் இங்கே பதிவில் இருக்கிறது என்று எண்ணட்டும். சந்தாப் பட்டியல் இருக்கிறது, ஸகாத் பட்டியல் இருக்கிறது. இந்த ஒரு நிரலையும் சேர்ப்பது பெரிய வேலை அல்ல. இடாப்புத் திருத்தத்துக்குப் படிவம் வரும் காலத்தில் வெள்ளிக்கிழமை ஐந்து நிமிட அறிவித்தல், வாசலில் ஒரு மேசை, படிவம் நிரப்பிக் கொடுக்க இரண்டு இளைஞர்கள். பெண்களுக்கு மத்ரஸாவில் வேறாக ஒரு மேசை.

2. வாடகைக்கு இருப்பவர்களைப் பதிய வீட்டுச் சொந்தக்காரர்கள் விடவேண்டும். பதிந்தால் வீட்டைப் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. வாக்காளர் பதிவு காணி உரித்து ஆகாது. இதை விளங்கப்படுத்த ஊரில் உள்ள சட்டத்தரணிகள் முன்வரவேண்டும்.

3. பாடசாலைக்காகக் கேட்கவேண்டியது கட்டடம் அல்ல, ஆசிரியர். எமது பக்கத்தில் ஒரு தமிழ்மொழிப் பாடசாலையையாவது தெரிந்தெடுத்து, அங்கே கணித, விஞ்ஞான ஆசிரியர்களை முழுமையாக நியமிக்கும்படி வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதுவோம். வாயில் கோபுரத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் காசு கொடுக்கும் பழைய மாணவர்கள், தொண்டர் ஆசிரியர் இருவரின் கொடுப்பனவைப் பொறுப்பெடுத்தால் அது பெரிய சதகா. இன்று இங்கே பதிபவரின் ஐந்து வருடம் இன்றுதான் தொடங்குகிறது. இப்போது கலியாணம் முடித்தவரின் பிள்ளை முதலாம் தரத்துக்கு வரும்போது அந்தப் பாடசாலை தயாராக இருக்கவேண்டும்.

4. வடிகானுக்காகத் தனியாக முஸ்லிம்களின் மகஜர் வேண்டாம். வெள்ளம் ஒழுங்கை ஒழுங்கையாகத்தான் வருகிறது. பக்கத்து வீட்டுச் சிங்களவரும், பின்வீட்டுத் தமிழரும் சேர்ந்து ஒப்பமிட்ட ஒரு பக்கக் கடிதம், சிங்களத்திலும் தமிழிலும். வடிகானுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எப்போது துப்புரவாக்கினீர்கள் என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்லியாக வேண்டும். குரலை உயர்த்தத் தேவையில்லை, பதிவுத் தபால் துண்டைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும்.

5. வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அத்திவாரத்தை உயர்த்துங்கள், ஆனால் எல்லைவரை மதில் கட்டி வடிகானை மூடவேண்டாம். உங்கள் வீட்டு மழைநீர் அயலவரின் கூடத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகத் தொழமுடியாது.

2019க்குப் பிறகு அலுவலகங்களில் போய் நிற்கவே எம்மவர்கள் பலர் தயங்குகிறார்கள் என்பதும் தெரியும். பெயரைப் பார்த்ததும் மாறும் முகங்களை நாமும் பார்த்திருக்கிறோம். ஆனால் அதே காலத்துக்குப் பிறகு வந்த வெள்ளங்களில், பள்ளிவாசலில் சமைத்த சோற்றுப் பார்சலை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு இளைஞர்கள் எல்லா வீடுகளுக்கும் போனார்கள். யாருடைய வீடு என்று பார்க்கவில்லை, வாங்கியவர்களும் யார் சமைத்தது என்று பார்க்கவில்லை. அந்த நம்பிக்கை இன்னும் கையில் இருக்கிறது. அதைத் தண்ணீர் வற்றியதும் சட்டியோடு கழுவி வைத்துவிடுகிறோம். மூன்று நாள் சோறு கொடுக்கத் தெரிந்த ஜமாஅத்துக்கு, முந்நூறு படிவம் நிரப்புவது கஷ்டமான காரியமல்ல.

இங்கே வீடு வாங்கிய பலர் இதைத் தற்காலிகமான இடமாகத்தான் நினைக்கிறார்கள். ஒரு நாள் விற்றுவிட்டுக் கொழும்புக்குள் போவோம் என்ற எண்ணம். ஆனால் பிள்ளைகள் இங்கே பிறந்துவிட்டார்கள். பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். மையவாடியில் எம்மவர்கள் அடங்கியிருக்கிறார்கள். ஜனாஸாவை அடக்கிய ஊரை இன்னும் எத்தனை வருடம் "தற்காலிகம்" என்று சொல்லப்போகிறோம்?

அடுத்த முறை இடாப்புத் திருத்தம் வரும்போது உங்கள் கிராம உத்தியோகத்தரிடம் உங்கள் ஒழுங்கையின் பெயர்ப்பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் பெயர் இருக்கிறதா, உங்கள் வீட்டில் பதினெட்டு வயது முடிந்த எல்லோருடைய பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டாரிடமும் சொல்லுங்கள். அதற்குப் பிறகு "சபைக்காரங்க எங்க?" என்று கேட்போம். அப்போது பதில் சொல்லாமல் இருக்க அவர்களால் முடியாது, இன்ஷா அல்லாஹ்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். முக்கியமாக, பிள்ளையை இங்குள்ள பாடசாலையில் சேர்த்த பெற்றோர் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். நல்லதோ கெட்டதோ, அதுதான் மற்றவர்களுக்குப் பிரயோசனப்படும். உங்கள் ஒழுங்கைக் குழுக்களிலும் பகிர்ந்துவிடுங்கள்.